கைதி சொன்ன கதை: மறைசாட்சி புனித தேவசகாயம்



யூபிலி என்றதும் நம் கண்முன் வருவது கொடியேற்றம், தோரணம், தேர்ப்பவனி, ஆடம்பரப் பாடற்பூசை, அன்பின் விருந்து ஆகியவையே. இவை எல்லாம் நல்லவை, வேண்டியவை. ஆயினும் யூபிலி என்ற சொல்லின் வேர் இன்னும் ஆழமானது. லேவியராகமத்தின் 25-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் நாடெங்கும் எக்காளம் முழங்க வேண்டும். கடனுக்காக விற்கப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். இழந்த நிலம் உரியவன் கைக்கு வரவேண்டும். ஆண்டவர் இயேசுவும் நாசரேத்துச் செபக்கூடத்தில் இசையாஸ் இறைவாக்கினரின் ஏட்டை விரித்து, சிறைப்பட்டோர்க்கு விடுதலை அறிவிக்கவே தாம் வந்ததாக வாசித்துக் காட்டினார். ஆகவே சிறையிலிருப்போரை மறந்துவிட்டுக் கொண்டாடும் யூபிலி பாதி யூபிலியே.

இந்த எண்ணத்தோடுதான், நம் தமிழ் மண் ஈன்ற மறைசாட்சி ஒருவரின் வாழ்வை இம்மலரில் நினைவுகூர்கிறோம். அவர் கதை ஒரு கைதியின் வாயில் தொடங்கி, மற்றொரு கைதியின் வாயில் முடிந்த கதை.

நட்டாலத்து நீலகண்டன்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலம் என்னும் சிற்றூரில், 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ம் நாள் நீலகண்டன் பிறந்தார். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மாள். உயர்ந்த குலம், நிலபுலம், ஊரில் மதிப்பு ஆகியவற்றில் எதற்கும் குறைவில்லை. தமிழும் மலையாளமும் வடமொழியும் கற்றார். வில்வித்தையும் வர்மமும் பயின்றார். அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்ம மகாராசா. அவருடைய பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்டன் பணியேற்று, விரைவில் நம்பிக்கைக்குரிய அலுவலரானார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாள் அவருக்கு வாழ்க்கைத் துணையானார்.

இப்படிச் செழித்திருந்த குடும்பத்தில் திடீரென இருள் கவிந்தது. கால்நடைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. பயிர் பொய்த்தது. சொத்து கரைந்தது. நம் மலையில் ஒரே இரவு உறைபனியில் கொழுந்தெல்லாம் கருகிப்போகும்போது சிறு தோட்டக்காரர் மனம் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். அன்று நீலகண்டனுக்கும் அந்தப் பாடுதான். ஆனால் நட்டத்தைவிட அவரை அதிகம் வாட்டியது, இது தெய்வக் குற்றமோ, தாம் அறியாமல் செய்த பாவத்தின் தண்டனையோ என்ற அச்சம். முகம் வாடியவராக அரண்மனைப் பணிக்கு வந்து போனார்.

அந்நியர் ஒருவர் கேட்ட கேள்வி

வாடிய முகத்தைக் கண்டு விசாரித்தவர் ஓர் அந்நிய நாட்டார். அவர் பெயர் எஸ்தாக்கியுஸ் தெ லனாய்.

யார் இவர்? ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றியவர், ஆனால் கத்தோலிக்கர். 1741-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ம் நாள் குளச்சலில் நடந்த போரில் ஒல்லாந்தர் படை மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. தெ லனாய் கைதியானார். வயது இருபத்தைந்தே. அவர் திறமையைக் கண்ட மகாராசா, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தரும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்துக் கட்டும் பணியிலும் அவர் ஈடுபட்டார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தனர். பட்டமும் பதவியும் வந்தன. ஆனால் தாய்நாடு திரும்பும் வாய்ப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. 1777-ம் ஆண்டு அங்கேயே இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். இலத்தீனும் தமிழும் பொறித்த அவர் கல்லறையை இன்றும் காணலாம்.

பிடிபட்ட கைதியாய் வந்தவர், வீட்டை இழந்தவர், மொழி புரியாத ஊரில் தனியே வாழக் கற்றவர் இவர். அடிபட்டவனுக்குத்தானே அடிபட்டவனின் முகம் தெரியும்? நீலகண்டன் தம் மனப்பாரத்தை அவரிடம் இறக்கி வைத்தார். தெ லனாய் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை, தர்க்கம் செய்யவில்லை. ஒரு கதை சொன்னார். அது யோபுவின் கதை.

யோபுவின் கதை செய்த வேலை

ஊசு நாட்டில் யோபு என்று ஒருவர் இருந்தார். 7,000 ஆடுகள், 3,000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், ஏழு மைந்தர், மூன்று பெண்கள் என்று நிறைவாக வாழ்ந்த நேர்மையான மனிதர். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றனர். ஆடுகளை நெருப்பு எரித்தது. புயலில் வீடு இடிந்து பிள்ளைகள் மாண்டனர். பின்னர் அவர் உடலெங்கும் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நண்பர் மூவர் வந்தனர். ஏழு பகல் ஏழு இரவு பேசாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை நல்ல நண்பர்களே. வாயைத் திறந்த பின்புதான் கெட்டுப்போனார்கள். நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் துன்பம் என்று மாறி மாறிக் குற்றம் சாட்டினார்கள். யோபு ஏற்கவில்லை. அழுதார், வாதாடினார், கடவுளையே கேள்வி கேட்டார். முடிவில் ஆண்டவர் சூறாவளியினின்று பேசினார். கடிந்துகொண்டது யாரை? அழுது முறையிட்ட யோபுவைவிட, கணக்குப் பார்த்துக் குற்றம் சாட்டிய அந்த நண்பர்கள் மீதே ஆண்டவரின் சினம் மூண்டது. இழந்ததற்கு இரட்டிப்பாய் யோபு பெற்றுக்கொண்டார்.

இந்தக் கதை நீலகண்டனுக்குள் என்ன செய்திருக்கும் என்பதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். செத்த மாடு ஒன்றுகூட அதனால் எழுந்து வரவில்லை. கருகிய பயிர் தளிர்க்கவில்லை. ஆனால், துன்பம் வந்தவன் எல்லாம் தண்டிக்கப்பட்டவன் அல்லன் என்று அவர் முதன்முதலாகக் கேட்டார். தம்மைப் போலவே ஒருவர் முன்னமே இருந்திருக்கிறார் என்று அறிந்தார். தம்மைப் பற்றி நேராகப் பேச நாணிய மனம், யோபுவைப் பற்றிப் பேசுவதுபோல் தன் புண்ணைத் திறந்து காட்டியது. புத்திமதி வெளியிலிருந்து தட்டும். கதையோ உள்ளே வந்து அருகில் உட்காரும். அதுதான் கதையின் மருத்துவம்.

கேட்டவர் மேலும் கேட்டார். யோபுவின் கதை சிலுவையில் அறையுண்டவரின் கதைக்கு வழி திறந்தது. திருமுழுக்குப் பெற வேண்டும் என்ற ஆவல் அவருள் வளர்ந்தது.

தேவசகாயம் என்ற பெயர்

திருவிதாங்கூர் எல்லைக்குள் அரண்மனை அலுவலர் ஒருவர் மறை மாறுவது எளிதான காரியம் அல்ல. எல்லைக்கு அப்பால், இன்றைய நெல்லை மாவட்டத்தின் வடக்கன்குளத்தில், பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் இருந்தார். அவரிடம் மறைக்கல்வி பெற்று, 1745-ம் ஆண்டு மே மாதம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டனர். பின்னர் பார்கவி அம்மாளும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

இதன்பின் தேவசகாயம் செய்த காரியந்தான் பலருக்குப் பொறுக்கவில்லை. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார்; அவர்களோடு அமர்ந்து உண்டார். அந்நாளில் சாதிக்கோடு சிறைச்சுவரைவிட உறுதியானது. யார் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அடி அளந்து வைத்திருந்த காலம் அது. அந்தக் கோட்டைத் தாண்டியவரை அரண்மனை வட்டாரத்தார் மன்னிப்பார்களா? புகார்கள் எழுந்தன. அரசுத் துரோகம் உட்படப் பல குற்றங்கள் அவர் மேல் சாட்டப்பட்டன. 1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். அக்குற்றச்சாட்டுகளைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே வேறு கருத்துகளும் உண்டு. திருச்சபையோ நெடுங்காலம் ஆராய்ந்து, அவர் விசுவாசத்திற்காகவே உயிர் தந்தார் என்று முடிவு செய்தது.

கைதியான கதைசொல்லி

இப்போது காட்சி மாறுகிறது. கைதியிடம் கதை கேட்டவர் தாமே கைதியானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கோடு வாழ்ந்தார்.

அவரை எருமை மேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். பிரம்பால் அடித்தனர், புண்களில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினர். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது அவர் செபித்து முழங்கையால் பாறையைத் தட்ட, தண்ணீர் சுரந்தது என்பது மரபு. அந்த முட்டிடிச்சான் பாறையைத் தேடி இன்றும் திருப்பயணிகள் செல்கின்றனர். புலியூர்க்குறிச்சி எந்த ஊர் என்று நினைவிருக்கிறதா? உதயகிரிக் கோட்டை இருக்கும் அதே ஊர். தெ லனாய் பணிபுரிந்த அதே மண்ணில் அந்த நண்பர் விலங்கோடு தாகித்து நின்றார்.

பின்னர் பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் சங்கிலியால் பிணைத்து வைத்தனர். சுவரும் கூரையும் இல்லாத சிறை அது. மழைக்கும் வெயிலுக்கும் அவருக்கும் நடுவே வேப்பிலை மட்டுமே இருந்தது. அவமானப்படுத்தவே அவரை அப்படித் திறந்த வெளியில் கட்டினார்கள். ஆனால் என்ன நடந்தது? மக்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்; வந்தவர்கள் தங்கள் துயரத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளையில்லாதவர், நோயுற்றவர், கடனில் மூழ்கியவர், சாதியால் மிதிக்கப்பட்டவர் எல்லாரும் அந்த மரத்தடிக்கு வந்தனர். அவர் செவிகொடுத்தார், அவர்களுக்காக வேண்டினார், தமக்கு வாழ்வு தந்த ஆண்டவரைப் பற்றி எடுத்துரைத்தார். அம்மரத்தின் இலைகளைப் பெற்றுச் சென்றோர் நலமடைந்தனர் என்றும், காவல் காத்தவன் வீட்டிலேயே அவர் செபத்தால் குழந்தைப் பேறு கிட்டியது என்றும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

யார் கைதி, யார் விடுதலை பெற்றவர் என்று சொல்ல முடியாத நிலை அது. காலில் விலங்கு பூண்டவர் ஆறுதல் சொல்கிறார். கால் வீசி நடந்து வந்தவர்கள் அழுகிறார்கள். யோபுவின் சாம்பல் மேடு பெருவிளையின் வேப்பமரத்தடிக்கு இடம்பெயர்ந்தது போலிருந்தது. அன்று தெ லனாய் தமக்குச் செய்ததைத் தேவசகாயம் இப்போது நூற்றுக்கணக்கானோர்க்குச் செய்தார்.

கூட்டம் பெருகியது அதிகாரிகளுக்குக் கலக்கம் தந்தது. அவரை நாட்டின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். அங்கும் மக்கள் தேடி வந்தனர். கதை சொல்லும் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. 1752-ம் ஆண்டு சனவரி 14-ம் நாள் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். வயது முப்பத்தொன்பது. உடலைக் காட்டில் எறிந்தனர். பின்னர் விசுவாசிகள் எலும்புகளைத் திரட்டி, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன்னே அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மாள் ஊரையும் உறவையும் விட்டு வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். ஒருவன் சிறை சென்றால் அவன் குடும்பமும் சேர்ந்து தண்டனை அனுபவிக்கிறது என்பதற்கு அந்த அம்மையாரின் வாழ்வும் ஒரு சாட்சி.

பீடத்தின் மகிமை

சுட்டவர்கள் வாயைத்தான் அடைத்தார்கள். கதையை அடைக்க முடியவில்லை. குமரி மாவட்டத்து ஊர்களில் அவர் வரலாறு நாடகமாகவும் பாட்டாகவும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. ஏடு வாசிக்கத் தெரியாத ஏழை மக்களே அதைக் காத்தனர். 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022-ம் ஆண்டு மே 15-ம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே. பழைய ஏடுகளில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்கி, தேவசகாயம் என்றே திருச்சபை அழைத்தது. சாதிக்கோட்டைத் தாண்டியவருக்குப் பொருத்தமான மரியாதை அது.

அதே நாளில் அதே உரோமைச் சதுக்கத்தில் புனிதராக உயர்த்தப்பட்டவர்களுள் ஒல்லாந்து நாட்டுக் கார்மேல் சபைக் குரு தீத்துசு பிரான்சுமாவும் ஒருவர். 1942-ல் இட்லரின் ஆட்சி அவரை அமர்சுபோர்ட்டு முகாமில் அடைத்தது. அவ்வாண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையன்று அவர் சக கைதிகளைக் கூட்டி ஆண்டவரின் பாடுகளை எடுத்துரைத்தார். அதே ஆண்டு சூலை மாதம் டாக்கவ் முகாமில் உயிர் நீத்தார். ஒருவர் காற்றாடிமலைக் கைதி, மற்றவர் டாக்கவ் கைதி. இருவரும் சிறையில் பிறருக்கு ஆறுதல் சொன்னவர்கள்; இருவரும் ஒரே நாளில் பீடத்தில் ஏறினர். கடவுளின் திட்டத்தை என்னென்பது!

நமக்கு விடும் அழைப்பு

ஸ்நாபக அருளப்பர் ஏரோதின் சிறையில் கிடந்தபோது, மனம் கலங்கித் தம் சீடரை இயேசுவிடம் அனுப்பினார். இயேசு என்ன செய்தார்? சிறைக்கதவை உடைக்கவில்லை. குருடர் பார்வை பெறுவதையும் முடவர் நடப்பதையும், கண்டதையும் கேட்டதையும், போய்ச் சொல்லுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். சிறையில் இருந்தவருக்கு ஆண்டவர் அனுப்பிய மருந்து ஒரு கதையே. நடந்த உண்மைக் கதை.

நம் நாட்டிலும் இப்பணி நடைபெறுகிறது. 1981-ல் கேரளத்தில் முளைவிட்ட இந்தியச் சிறைப்பணி இயக்கம், அவுசுவிட்சில் மாண்ட புனித மாக்சிமிலியன் கோல்பேயைப் பாதுகாவலராகக் கொண்டு வளர்ந்தது. குருக்களும் கன்னியரும் பொதுநிலையினரும் சிறைகளுக்குச் செல்கின்றனர். பாடுகின்றனர், விவிலியக் கதைகளைச் சொல்கின்றனர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கைதிகளின் கதையைக் கேட்கின்றனர். எண்ணால் அழைக்கப்படுகிறவன் தன் பெயரோடும் ஊரோடும் தன் கதையைச் சொல்லும்போது மீண்டும் மனிதனாகிறான். செய்த பிழையைத் தன் வாயால் சொல்லி அழுகிறவனுக்கு அதைத் தாண்டி ஒரு நாள் உண்டு என்ற நினைப்பு பிறக்கிறது. ஊதாரி மைந்தனின் கதையைக் கேட்கும் கைதி, வீட்டு வாசலில் தனக்காகவும் யாரோ காத்திருக்கக்கூடும் என்று நம்பத் தொடங்குகிறான்.

இனி நம் அரவேணுவைப் பார்ப்போம். லைன் வீடுகளில் மாலை நேரத்தில் அடுப்படியில் குந்திக் கதை பேசி வளர்ந்தவர்கள் நாம். கடல் கடந்து போய், 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் கடல் கடந்தே திரும்பி வந்த பெற்றோரின் கதைகள் இம்மலைத் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் உண்டு. கதை சொல்ல நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், ஊரில் ஒருவன் போலீசு வண்டியில் ஏறிவிட்டால் என்ன செய்கிறோம்? அவன் வீட்டு வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவன் தாய் பூசைக்கு வந்தால் பெஞ்சில் இடம் விட்டு விலகி உட்காருகிறோம். அவன் பிள்ளையைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்தால் கண்டிக்காமல் இருக்கிறோம். யோபுவின் நண்பர்களைப் போல் வாயைத் திறந்து தீர்ப்பும் சொல்கிறோம். நாளடைவில் அக்குடும்பம் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது. இது நம் பங்கில் நடவாத காரியம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் யாரால் முடியும்?

குற்றத்தைக் குற்றமில்லை என்று சொல்ல யாரும் கேட்கவில்லை. குற்றத்தால் காயப்பட்ட வீட்டாரின் கண்ணீரையும் நாம் மறக்கக் கூடாது. அவர்கள் கதையையும் கேட்க ஆள் வேண்டும். தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. பங்கு இருப்பது பக்கத்தில் உட்காருவதற்கு. ஏழு நாள் பேசாமல் இருந்த அந்த நண்பர்களின் முதற்பாதியை நாம் பின்பற்றினாலே போதும்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டிலே, கொடியும் தோரணமும் இறங்கிய பின்னும் நிற்கக்கூடிய சில காரியங்களைச் செய்வோம். சிறைப்பட்டவரின் குடும்பத்தைத் தேடிச் சென்று அன்பியக் கூட்டத்துக்கு அழைத்து வருவோம். சிறையில் இருப்பவருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவோம்; ஊரில் மழை பெய்ததையும், கொழுந்து விலையையும், திருவிழா நடந்ததையும் எழுதுவோம். விடுதலையாகி வருகிறவனைப் பழைய பெயரால் அல்ல, திருமுழுக்குப் பெயரால் கூப்பிடுவோம். சிறைப்பணிக்கு மனமுவந்து செல்ல விரும்பும் இளைஞர்கள் பங்குத்தந்தையை அணுகட்டும்.

ஆண்டுதோறும் சனவரி 14-ம் நாள், பொங்கல் வேளையில், புனித தேவசகாயத்தின் திருநாள் வருகிறது. புதுப்பானையில் பால் பொங்கும் அந்நாளில், வேப்பமரத்தடியில் விலங்கோடு அமர்ந்து பிறர் துயரைக் கேட்ட அப்புனிதரை நினைப்போம். நான் சிறையில் இருந்தபோது நீ வந்தாயா என்று இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடமும் கேட்பார். அப்போது தலை குனியாமல் நிற்கும் வரத்தை அவர் நமக்குப் பெற்றுத் தருவாராக.

புனித தேவசகாயமே, சிறைப்பட்டோருக்காகவும் எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும்!